ஆங்கிலப் பொய்யை டெனிஷில் எழுதுவது எப்படி?

பொய், ஏமாற்று, மோசடி, போலி. இந்தக் குடும்பத்து ஆங்கிலச் சொல் எது வந்தாலும், டெனிஷில் எழுத உட்காரும்போது அகராதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு கேள்வி: ஏமாந்தவர் எதை இழந்தார்? உண்மையை மட்டுமா? காசையா? தனக்குச் சேரவேண்டிய பங்கையா? ஒருவர்மேல் வைத்திருந்த நம்பிக்கையையா? இல்லை, நாலு பேர் முன்னால் அசடு வழிந்ததோடு சரியா? ஆங்கிலம் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது. ஏமாற்றுவது என்ற பொருளுள்ள ‘சீட்’ என்ற ஒரே சொல் பரீட்சை மண்டபத்திலும் படுக்கையறையிலும் வரி அலுவலகத்திலும் நுழைந்துவிடும். டெனிஷில் அந்த மூன்று இடத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் சிரிப்பார், அல்லது வழக்குப் போடுவார்.

நான் ஆங்கிலத்திலிருந்து டெனிஷுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். காப்புறுதிக் கம்பனிகளின் கடிதங்கள், இணையக் கடைகளின் நிபந்தனைகள், வருசத்தில் ஒன்றிரண்டு துப்பறியும் நாவல்கள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். டென்மார்க்கில் வளர்ந்து இந்தத் தொழிலுக்குள் வருகிற எங்கள் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி இந்தச் சொற்களைப் பற்றித்தான் இருக்கிறது. அவர்களுக்காகவே இது. டெனிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது உச்சரிப்புக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் நடுவில் எங்கோ நின்றிருக்கிறேன். டெனிஷ்காரர் எழுதுவதில் பாதியை விழுங்கிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

உண்மை மட்டும் அடிபடும்போது

‘லை’ என்பதற்குப் பெயர்ச்சொல் லொய்ன், வினைச்சொல் லூவெ. காசு, பங்கு, பதவி எதுவும் போயிருக்க வேண்டும் என்றில்லை. சொன்னது உண்மையில்லை, சொன்னவருக்கு அது தெரியும், அவ்வளவே. இங்கே சறுக்குவது சொல்லில் அல்ல, அதை ஒட்டி வரும் இடைச்சொல்லில். ஆங்கிலத்தில் ‘லை டு’ என்று இருப்பதைப் பார்த்து டெனிஷிலும் ‘டில்’ போட்டுவிடுவார்கள். வரவேண்டியது ‘ஃபோர்’. ஒருவரிடம் பொய் சொல்வது என்றால் அவர் ‘ஃபோர்’ லூவெ. எதைப் பற்றி என்பதற்கு ‘ஒம்’. ஆளை நேரே செயப்படுபொருளாக வைக்கவே முடியாது. "அவனைப் பொய் சொன்னேன்" என்று தமிழில் சொல்ல மாட்டோம் அல்லவா, அதே கதை.

பொய் சொல்லித் தப்பினான் என்றால் ‘லூவெ சை ஃப்ரா’, பொய் சொல்லி ஒன்றை வாங்கினான் என்றால் ‘லூவெ சை டில்’. ஆங்கிலம் இதற்கு நாலைந்து சொல் செலவழிக்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப் போனால் டெனிஷ் வாக்கியம் வீங்கிவிடும். இந்தச் சின்ன இடைச்சொற்களை நம்புங்கள்.

அப்புறம், உரையாடலில் கவனம். ஆங்கிலப் பாத்திரம் கோபத்தோடு "தட்ஸ் எ லை!" என்று கத்துகிறது. நீங்கள் ‘டெ எர் லொய்ன்!’ என்று எழுதிவிட்டால், டெனிஷ் வாசகருக்கு அது பெரும்பாலும் "அட, உண்மையாவா!" என்றுதான் கேட்கும். லொத்தர் விழுந்த செய்தியைச் சொன்னவரிடம் சொல்லும் வார்த்தை அது. குற்றச்சாட்டாக இருக்க வேண்டுமென்றால் நடுவில் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘என்’ என்ற ஒற்றைச் சொல் வேண்டும்: ‘டெ எர் என் லொய்ன்’. ஒரு சொல்லில் வியப்பு சண்டையாகிவிடுகிறது. ‘டு லூவர்’, அதாவது "நீ பொய் சொல்கிறாய்", அதைவிடவும் காரம். அன்றாடம் ஒருவர் சொன்னதை மறுக்க டெனிஷ்காரர் சொல்வது ‘டெ பாசர் இக்கெ’. "அது பொருந்தவில்லை" என்பது அதன் சொல்லுக்குச் சொல் பொருள். ஆங்கிலத்தில் "தட்ஸ் நாட் ட்ரூ" என்று வரும் இடங்களில் பத்துக்கு எட்டில் இதுதான் சரி.

வெள்ளைப் பொய்க்கு ‘வீத் லொய்ன்’ உண்டு, ஆங்கிலத்தைப் போலவே. ஆனால் கூடவே ‘நோத்லொய்ன்’ என்று ஒன்று இருப்பதை மறக்கக்கூடாது: நெருக்கடியில், வேறு வழியில்லாமல் சொன்ன பொய். மாமியார் தந்த சட்டை பிடித்திருக்கிறது என்பது முதல் வகை. வேண்டாத விருந்தைத் தவிர்க்க "எனக்கு அன்று வேறு வேலை இருக்கிறது" என்பது இரண்டாம் வகை. இரண்டுக்கும் எல்லை மெல்லியதுதான். இதே விருந்து விவகாரத்தைப் பேச்சு வழக்கில் ‘ஸ்லோ என் ப்லாதெ’ என்பார்கள். நாவலில் இளையவர்கள் பேசினால் இதைத் தாராளமாகப் போடலாம். பொய்யன் சாதாரணமாக லொய்னர். சிறுவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டால் ‘லொய்ன்ஹால்ஸ்’. காரணமே இல்லாமல், சுகத்துக்காகப் பொய் சொல்கிற அண்டப்புளுகர் ‘லுஸ்ட்லொய்னர்’. ஆங்கிலத்தில் ‘கம்பல்சிவ் லையர்’ வந்தால், மருத்துவ அறிக்கையாக இல்லாத பட்சத்தில் நான் இதைத்தான் எடுப்பேன்.

பங்கு போகும்போது, புத்தி போகும்போது

விளையாட்டில், பரீட்சையில், வரியில், தராசில் கள்ளம் செய்வது ஸ்னூதெ. விதி ஒன்று இருக்கிறது, எல்லோரும் அதன்படி ஆடுகிறார்கள், ஒருவர் மட்டும் மீறி இன்னொருவரின் பங்கை எடுக்கிறார். இங்கேயும் ‘ஃபோர்’ வேலை செய்கிறது: ஒருவரை ஒன்றுக்கு ‘ஃபோர்’ ஸ்னூதெ என்றால் அவருக்குச் சேரவேண்டியதை அடித்துவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘சீட் அவுட் ஆஃப்’ அப்படியே இதில் உட்காரும். ஐந்நூறு குரோனராகவும் இருக்கலாம், ஒரு நாள் விடுமுறையாகவும் இருக்கலாம். ஸ்னூதெ இரண்டையும் தாங்கும்.

ஆனால் ‘சீட் ஆன்’ என்றால், அதாவது துணைக்குத் துரோகம் என்றால், ஸ்னூதெயைத் தொடவே வேண்டாம். அது ‘வேரெ ஊட்ரோ’, விசுவாசமில்லாமல் இருப்பது. கொஞ்சம் பழைய நடையில் பெட்ராகெ. ஒரு காதல் கதையில் கணவன் மனைவியை ‘ஸ்னூதெ’ செய்தான் என்று எழுதினால், சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணினான் போலிருக்கிறது என்று வாசகர் நினைப்பார்.

ஒரு சின்ன வேடிக்கை: மூக்குச் சிந்துவதற்கும் இதே ஸ்னூதெதான். தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும் மகளை, தாயின் மூக்கிலிருந்து ‘ஸ்னூட்’ ஆனவள் என்பார்கள். இதை ஆங்கிலமாக்கிய ஒரு இயந்திரம், மகளைத் தாயின் மூக்கு ஏமாற்றிவிட்டதாக எழுதியதைப் பார்த்திருக்கிறேன். எதிர்த் திசையில் போகும்போது உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. இருந்தாலும் தெரிந்து வைத்திருங்கள்.

காசோ பங்கோ பெரிதாக இல்லாமல் ஒருவரை நம்பவைத்து முட்டாளாக்கினால் நாரெ. யாழ்ப்பாணத்தில் "என்னைப் பேய்க்காட்டாதே" என்போமே, அந்தப் பேய்க்காட்டல்தான். ஏப்ரல் முதலாம் தேதிக் கூத்துக்கு ‘அப்ரில்ஸ்நார்’. பாலில்லாமலே குழந்தையின் வாயைச் சமாளிக்கும் சூப்பியைக்கூடப் பழைய டெனிஷில் ‘நாரெசுட்’ என்பார்கள், குழந்தையைப் பேய்க்காட்டும் முலைக்காம்பு. இன்று பெற்றோர் ‘சுட்’ என்று மட்டும் சொல்கிறார்கள். பழைய காலத்துக் கதையை மொழிபெயர்த்தால் முழுச்சொல் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘ட்ரிக் இன்டு’ வந்தால் ‘நாரெ டில் அ’. ஒன்றை நைசாகப் பேசிப் பறித்துக்கொண்டால் ‘ஃப்ராநாரெ’. கொஞ்சம் எழுத்து வழக்கு, பத்திரிகைக்குச் சரியாக வரும்.

தமிழில் ஏமாற்றுவதற்கும் ஏமாறுவதற்கும் தனித்தனி வினை இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாததால் செயப்பாட்டு வினையை வைத்தே ஒப்பேற்றுவார்கள். அதை அப்படியே ‘பிளீவ்’ என்ற துணைவினை போட்டு டெனிஷாக்கினால் எல்லாம் பொலீஸ் அறிக்கை மாதிரி ஆகிவிடும். ‘லா சை நாரெ’ என்று ஒன்று இருக்கிறது: தன்னை ஏமாற்ற விட்டுக்கொடுப்பது. நம் ‘ஏமாறு’வுக்கு மிகக் கிட்ட வருவது அதுதான், ஏமாந்தவரின் பங்கு அதில் லேசாகத் தெரியும். பேச்சில் ‘ஹொப்பெ பொ லிம்பின்னென்’ என்பார்கள். பறவை பிடிக்கப் பசை தடவிய குச்சியில் போய்த் தானே குந்துவது. ஆங்கிலத்தின் ‘ஃபால் ஃபோர் இட்’ வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காசு போகும்போது சட்டம் வருகிறது

இந்தப் பகுதியில்தான் சம்பளம் தங்கியிருக்கிறது, மெதுவாகப் போவோம்.

பெட்ராக் என்றும் பெட்ராகெரி என்றும் இரண்டு சொல். கடைசி இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம் போலிருக்கும். பெட்ராக் என்பது மாயை, ஏமாற்றம், தோற்றப் பிழை. கண்ணின் மாயைக்கு ‘சூன்ஸ்பெட்ராக்’, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்கு ‘செல்வ்பெட்ராக்’. யாரும் சிறைக்குப் போகமாட்டார்கள். பெட்ராகெரி என்றால் குற்றம். டெனிஷ் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 279 அதற்கென்றே இருக்கிறது: தனக்கோ இன்னொருவருக்கோ ஆதாயம் தேடி, மற்றவர் மனதில் தவறான எண்ணத்தை உண்டாக்கியோ, இருக்கிறதை உறுதிப்படுத்தியோ, அதைப் பயன்படுத்திக்கொண்டோ, அவரைப் பொருள் நட்டம் வரும்படி ஒன்றைச் செய்ய வைப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். பொய்யே சொல்லாமல், எதிராளி தானாகவே தவறாக நினைத்ததைப் பயன்படுத்திக்கொண்டாலும் பெட்ராகெரிதான். ஆகவே ஆங்கில ஆவணத்தில் ‘ஃப்ராட்’ என்று வந்து, அங்கே யாரும் வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்றாலும் இந்தச் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. தவறான எண்ணம் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் சொல் ‘வில்ஃபாரெல்செ’, வழிதவறிப் போதல். சட்டப் பத்திரத்தில் இந்த இடத்தில் ‘ஃபெயில்’ என்று சாதாரணப் பிழையை எழுதாதீர்கள்.

ஆனால் எல்லா ‘ஃப்ராட்’டும் பெட்ராகெரி ஆகாது. இதுதான் பெரிய பொறி. ஒப்பந்தம் செய்யும்போது ஒருவர் மற்றவரை ஏமாற்றினார், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்பது வழக்கென்றால், அங்கே சொல் ‘ஸ்விக்’. 1917ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 30 இதைத்தான் பேசுகிறது. பெட்ராகெரி என்றால் அரச வழக்குத்தொடுநர் வருவார். ஸ்விக் என்றால் இரு தரப்புச் சட்டத்தரணிகள் மட்டும் வரலாம். காப்புறுதிக் கடிதங்களில் ‘ஃப்ராடுலன்ட்’ என்று ஆங்கிலத்தில் நிற்கும் இடத்தில் ‘ஸ்விக்அக்டி’ என்ற உரிச்சொல் வரும்: படிவத்தில் வேண்டுமென்றே தவறாக எழுதினார் அல்லது மறைத்தார் என்ற பொருளில். வாடிக்கையாளருக்குப் போகும் முதல் கடிதத்திலேயே பெட்ராகெரி என்று எழுதிவைத்தால் அவரைக் குற்றவாளி என்று கம்பனி சொன்னதாகிவிடும். அந்தக் கடிதத்தை அனுப்பியவர் நீங்கள் இல்லைதான், ஆனால் விசாரணை உங்கள் மேசைக்குத்தான் வரும்.

ஸ்விக் கூட்டுச்சொற்களில் நிறைய ஒட்டிக்கொள்ளும். உங்களை நம்பி இன்னொருவர் தன் சொத்தை நிர்வகிக்கத் தந்தார், நீங்கள் அவருக்கு எதிராக நடந்தீர்கள் என்றால் ‘மண்டாட்ஸ்விக்’, பிரிவு 280. கடன்காரர் தன் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கக்கூடாது என்று சொத்தை ஒளித்தால் ‘ஸ்குல்னர்ஸ்விக்’, பிரிவு 283. கையில் இருக்கும் பிறர் காசைத் தின்றால் அது ‘உன்னர்ஸ்லெப்’, பிரிவு 278, ஸ்விக் இல்லை. ஆங்கில ‘எம்பெசில்மென்ட்’ இங்கே போகும். ஆளை ஏமாற்றாமல் கணினியை ஏமாற்றினால் ‘டாடாபெட்ராகெரி’, பிரிவு 279 அ. ஆவணத்தைப் பொய்யாகத் தயாரித்தால், கள்ளக் கையெழுத்துப் போட்டால் ‘டொகுமென்ட்ஃபல்ஸ்க்’, பிரிவு 171. வரியில் என்றால் சட்டத்தில் ‘ஸ்கட்டெஸ்விக்’, பக்கத்து வீட்டுக்காரர் வாயில் ‘ஸ்கட்டெஸ்னூத்’. உதவிப் பணத்தைப் பொய் சொல்லி வாங்குவது ‘சொசியால்ட் பெட்ராகெரி’. நகரசபைக் கடிதங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள்.

‘பெர்ஜுரி’ ஒரு தனிக் கதை. அகராதி ‘மேனேத்’ என்று தரும், பொய்ச் சத்தியம். டென்மார்க் நீதிமன்றத்தில் சாட்சி சத்தியம் செய்வதில்லை. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று நீதிபதி எச்சரிப்பார், அவ்வளவே. சத்தியமே இல்லாத இடத்தில் பொய்ச் சத்தியம் எங்கிருந்து வரும்? சட்டத்தின் சொல் ‘ஃபல்ஸ்க் ஃபோர்க்லாரிங்’, பொய் வாக்குமூலம், பிரிவு 158. சரித்திர நாவல் என்றால் மேனேத் அழகாக இருக்கும்.

விஞ்ஞானத்தில் தரவைப் புனைந்தவர் பற்றிய கட்டுரையில் பெட்ராகெரி, அடுத்துச் சொல்லப்போகும் ஸ்விண்டெல் இரண்டுமே நெருடும். அதற்கு ‘வீடென்ஸ்காபெலி ஊரேதெலிஹெத்’ என்று நீண்ட பெயர் இருக்கிறது, விஞ்ஞானத்தில் நேர்மையின்மை. 2017இல் அதற்கென்றே சட்டம் வந்தது, அந்தப் பெயரிலேயே ஒரு சபையும் இயங்குகிறது. மூச்சு வாங்கும் சொல், ஆனால் மாற்ற உங்களுக்கு உரிமையில்லை.

ஸ்விண்டெல் சட்டத்துக்கு வெளியே நிற்கும் சொல். செய்தித்தாள் தலைப்புக்கு ஏற்றது. ‘ஸ்காம்’ என்பதற்கு அதுவோ ‘ஃபுப்’போ சரி. ஃபுப் கொஞ்சம் இலகுவானது, நம் சுத்துமாத்து மாதிரி. வங்கி பெயரில் வரும் கள்ள மின்னஞ்சல் ‘ஃபுப்மெயில்’. எல்லாச் செல்வத்தையும் இழந்த ஒரு முதியவரின் கதையில் ஃபுப் போடக்கூடாது, அவமதிப்பாகிவிடும்.

துரோகம்

‘பிட்ரே’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். நாட்டையோ இயக்கத்தையோ தோழனையோ காட்டிக்கொடுத்தால் ‘ஃபொரோதெ’. நம்பியிருந்தவரை நடுவழியில் விட்டால் ‘ஸ்விக்டெ’; தகப்பன் பிள்ளையை விட்டதற்கு இது. முகம் பயத்தைக் காட்டிக்கொடுத்தது என்றால் ‘ரோபெ’. மூன்றையும் மாற்றிப் போட்டால் தகப்பன் உளவாளியாகிவிடுவார். ஸ்விக்டெ டெனிஷில் மிக வலிக்கும் சொல், ஆனால் கத்தாது. ஆங்கில நாவலில் ‘பிட்ரேட்’ என்று இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நான் இதைத்தான் எடுக்கிறேன்.

பொய்ப் பல்லும் பொய்த் தாடியும்

‘ஃபால்ஸ்’ என்றதும் ‘ஃபல்ஸ்க்’ என்று கை தானாகப் போகும். கள்ளக் காசு, கள்ளப் பெயர், கள்ளக் கடவுச்சீட்டு, பொய் அபாய மணி எல்லாம் ஃபல்ஸ்க்தான். சுருதி விலகிப் பாடினாலும் ஃபல்ஸ்க். ஆனால் பொய்ப் பல் ‘ஃபொலோர்ன டெனர்’. இந்த ‘ஃபொலோரன்’ என்ற சொல் யாரையும் ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒன்றின் இடத்தில் நிற்கும் பதிலியைச் சொல்லும். அரைத்த இறைச்சியை நீளமாகப் பிடித்துச் சுடும் உணவுக்கு ‘ஃபொலோரன் ஹாரெ’, பொய் முயல் என்று பெயர். முயலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பொய்த் தாடி ‘லோஸ்ஸ்கெக்’, கழற்றக்கூடிய தாடி. ஓட்டப் பந்தயத்தில் முந்திக் கிளம்பினால் ‘ட்யூஸ்டார்ட்’, திருட்டுத் தொடக்கம். பெட்டியின் பொய் அடித்தட்டு ‘டொபெல்ட் புன்’, இரட்டை அடி. சுவரில் வரைந்த பொய்ச் சன்னல் ‘ப்லின்’ என்று தொடங்கும், குருட்டுச் சன்னல். செயற்கைத் தோல் ‘குன்ஸ்ட்லேதர்’. பிராண்ட் பைகளின் போலிகள் ‘கொப்பிவாரர்’. இவற்றில் ஒன்றிலும் ஃபல்ஸ்க் கிடையாது. படிவத்தில் தந்த தகவல் ‘ஃபால்ஸ்’ என்றால் ‘ஊரிக்டி’, சரியல்லாதது. வேண்டுமென்றே செய்தாரா என்பது பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லாது, அதனால்தான் அலுவலகங்களுக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம்.

‘டிசெப்டிவ்லி’ என்று ஆங்கிலத்தில் வரும்போது எனக்குப் பிடித்த சொல் ஒன்று இருக்கிறது: ‘ஸ்குஃபெனெ’. இன்றைய பொருள் ‘ஏமாற்றம் தருகிற’ என்பது, அதாவது எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம். ஆனால் அசலைப் போலவே இருக்கும் நகலை ‘ஸ்குஃபெனெ’ ஒத்திருக்கிறது என்றால் கண்ணை ஏமாற்றும் அளவுக்கு ஒத்திருக்கிறது என்று பொருள். தமிழிலும் ‘ஏமாற்றம்’ இதே இரண்டு வேலையையும் செய்கிறதால் எங்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

ஆள்மாறாட்டத்துக்கு ‘கீ சை ஊத் ஃபோர்’ என்ற தொடரைப் பழகிக்கொள்ளுங்கள்: தன்னை இன்னாராகக் காட்டிக்கொள்வது. 1837இல் வந்த, டெனிஷ் எழுத்தாளர் ஆண்டர்சனின் அரசனின் புதிய ஆடைக் கதையில், நெசவாளர் என்று சொல்லிக்கொண்டு வருகிற இருவரையும் அவர் அறிமுகப்படுத்துவது இந்தத் தொடரை வைத்துத்தான். அவர்களுக்கு அவர் வைக்கும் பெயர் ‘பெட்ராகர்’, ஏமாற்றுக்காரர். பாவனை செய்வது வெறும் நடிப்பென்றால் ‘லாதெ சொம் ஒம்’ போதும். வேலைக்குப் போகாமல் இருக்க வயிற்றுவலி நடித்தால் ‘சிமுலேரெ’.

தவறாக வழிநடத்துவது, மறைப்பது

‘மிஸ்லீட்’ என்பதற்கு ‘வில்லேதெ’. வழிதவற அழைத்துப் போவது என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. விளம்பரம் பற்றிய ஆங்கில ஆவணத்தில் ‘டிசெப்டிவ்’ என்று எவ்வளவு காரமாக இருந்தாலும் டெனிஷில் ‘வில்லேதெனெ’தான், ஏனென்றால் 2017ஆம் ஆண்டுச் சந்தைப்படுத்தல் சட்டத்தின் பிரிவு 5உம் 6உம் அந்தச் சொல்லில்தான் ஓடுகின்றன: ஒன்று தவறாக வழிநடத்தும் செயல், மற்றது தவறாக வழிநடத்தும் விடுபடல். நுகர்வோர் சட்டங்களைக் கண்காணிக்கும் அரச அதிகாரியான நுகர்வோர் ஒம்புட்ஸ்மன் எழுதும் கடிதத்திலும் அதுவே. கடைக்காரர் வேண்டுமென்று செய்தாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வாங்குபவர் வழிதவறினாலே போதும்.

அரசியல் மொழிபெயர்க்கிறவர்கள் 1964ஆம் ஆண்டு அமைச்சர் பொறுப்புச் சட்டத்தின் பிரிவு 5ஐ ஒருமுறை மூலத்தில் வாசிக்க வேண்டும். பாராளுமன்றத்துக்கு அமைச்சர் செய்யக்கூடாதவை அங்கே மூன்று படிகளாக நிற்கின்றன: ‘ஊரிக்டி’ தகவல், ‘வில்லேதெனெ’ தகவல், முக்கியமானதை ‘ஃபொர்டீயெ’, அதாவது சொல்லாமல் விழுங்கிவிடுதல். லொய்ன் என்ற சொல் அங்கே கிடையாது. ஆங்கிலச் செய்தியில் அமைச்சர் ‘லைட்’ என்று இருந்தால், எந்தப் படி என்று பார்த்து எழுதுவது உங்கள் வேலை.

இந்தச் சட்டத்தின் பேரில் நடந்த மிகப் பெரிய வழக்கின் பெயரே எங்கள் பெயர்: தமிழ் வழக்கு, ‘டமில்சாகென்’. இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் கிடப்பில் போட வைத்தார். சட்டப்படி அந்தக் குடும்பங்களுக்கு உரிமை இருந்தது. 1989இல் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில், கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். 1993 ஜனவரியில் நீதிபதி மொன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை வந்ததும் அரசாங்கம் பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களுக்கான விசேட நீதிமன்றம் நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆங்கிலத்தில் ‘ஸ்வீப் அண்டர் த கார்பெட்’ என்று வந்தால் டெனிஷில் ‘ஃபையெ இன் உன்னர் குல்வ்டெபெட்’ என்று அப்படியே எழுதலாம், ஆனால் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட எந்த டெனிஷ் வாசகருக்கும் ஷ்லூட்டரின் குரல் காதில் விழும். உங்கள் மூலத்துக்கு அந்தக் குரல் வேண்டாமென்றால் ‘ஸ்குலெ’, ஒளிப்பது, என்று சாதாரணமாகப் போட்டுவிட்டு நகருங்கள்.

சொலவடைகள்

இங்கே தமிழ் காது உங்களுக்கு உதவும், ஆங்கிலக் காதைவிட. கண்ணில் மண்ணைத் தூவுவதை டெனிஷ்காரர் கண்ணில் சணல் சிம்பைக் குத்துவதாகச் சொல்வார்கள்: ‘ஸ்டிக்கெ ப்லோர் இ ஒய்னெனெ’. காதில் பூச்சுற்றுவதை, சட்டைக் கையில் கட்டிவிடுவதாக: ‘பின்னெ பொ எர்மெட்’. ‘டா வெத் நேசென்’, மூக்கைப் பிடித்து இழுத்துப் போவது, விளையாட்டுத்தனமான ஏமாற்று. ‘ஃபோரெ பாக் லூசெட்’, வெளிச்சத்துக்குப் பின்னால் அழைத்துப் போவது, கனமானது, பத்திரிகை நடை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள், டெனிஷில் குதிரை ஓடுகிற வேகத்தில் பொய் சொல்கிறவர். வாய்க்கு வந்தபடி அளக்கும் கதை ‘ரோவர்ஹிஸ்டோரியெ’, கொள்ளைக்காரன் கதை. பத்திரிகையில் வந்த புரளி வெறும் ‘ஆன்’, வாத்து. பொருளைப் பார்க்காமலே வாங்கி ஏமாறுவதைச் சொல்ல, பன்றிக்குட்டியைச் சாக்கில் வாங்கும் ஆங்கிலேயன் டெனிஷுக்கு வந்தால் பூனையை வாங்குவான். முதலைக் கண்ணீரும் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயும் மாறாமல் வரும்.

‘ஃபிடூஸ்’ என்ற சொல்லில் மட்டும் ஒரு நொடி நில்லுங்கள். ஒரு ஃபிடூஸ் என்றால் தந்திரம், சில நேரம் கள்ளத்தந்திரம். ‘ஃபிடூஸ்மாகர்’ நம்பக்கூடாத ஆள். ஆனால் எனக்கு ஒருவர்மேல் ஃபிடூஸ் ‘இருக்கிறது’ என்றால் அவரை நம்புகிறேன் என்று பொருள். இலத்தீனில் நம்பகமானது என்ற பொருளில் இருந்த சொல் இப்படி இரண்டு பக்கமும் போயிருக்கிறது. ‘ட்ரிக்’குக்கு இதைப் போடுவதற்கு முன் வினைச்சொல்லைச் சரிபாருங்கள்.

சரிபார்க்க எங்கே போவது

‘டென் டான்ஸ்கெ ஓர்ட்போ’ அகராதி இணையத்தில் இலவசம். பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாமல், பக்கத்தில் ‘ஓர் இ நேர்ஹெதென்’, கிட்டத்துச் சொற்கள் என்று தரும் பட்டியலைத் திறவுங்கள். ஸ்னூதெக்கும் பெட்ராகெக்கும் நடுவில் இருக்கும் படிகள் அங்கே தெரியும். இடைச்சொல் எது என்பதும் எடுத்துக்காட்டுகளில் இருக்கும். பழைய நூலென்றால் 1918 முதல் 1956 வரை 28 தொகுதிகளாக வந்த ‘ஓர்ட்போ ஓவர் டெ டான்ஸ்கெ ஸ்ப்ரோ’; அதுவும் இணையத்தில் இருக்கிறது. சட்டச் சொல் என்றால் எந்த அகராதியையும் நம்பாதீர்கள், ‘ரெட்ஸ்இன்ஃபொர்மாஷோன்’ தளத்தில் சட்டத்தின் மூலத்தையே தேடி, பிரிவு எந்தச் சொல்லைப் பாவிக்கிறதோ அதை எடுங்கள். எழுத்துக்கூட்டலுக்கு மொழிச் சபையின் ‘ரெட்ஸ்க்ரிவ்னிங்ஸ்ஓர்ட்போன்’. ஐயம் தீராவிட்டால் அந்தச் சபைக்கே கேள்வி அனுப்பலாம், பதில் சொல்வார்கள்.

‘ஃபேக் நியூஸ்’, ‘ஃபிஷிங்’, ‘டீப்ஃபேக்’ மூன்றையும் மொழிபெயர்க்கச் சிரமப்படாதீர்கள். டெனிஷ்காரர் ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள். வாடிக்கையாளர் டெனிஷ் சொல்தான் வேண்டும் என்று நின்றால் முதலாவதுக்கு ‘ஃபல்ஸ்கெ நூஹெதர்’ என்று கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.